ஏழு நிமிடம் அசையாமல்

தலைச்சோலை எஸ்டேட்டில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த ஐயாக்கண்ணுவுக்கு ஒரு நாள் அரசு முத்திரை போட்ட தபால் வந்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அதை இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டு மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தார். மலைப்பகுதி மக்கள் நல அடையாள மறையீட்டுத் தேர்வு வாரியத்துக்கு அவனைப் பயனாளி உறுப்பினராக நியமித்திருந்தார்கள். தகுதி என்ற இடத்தில், 'பொருள் குறித்து முன்னறிவு ஏதும் இல்லாதவர்' என்று இருந்தது.

"அப்படின்னா என்னங்க?" என்று கேட்டான் ஐயாக்கண்ணு.

"இதப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கவர்மெண்டு கண்டுபுடிச்சிருக்குது."

"அது நெசந்தானுங்க" என்றான்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு மஞ்சக்குட்டை நல மையத்தின் அலமாரியிலிருந்து பன்னிரண்டு பாட்டில் இருமல் மருந்து காணாமல் போயிருந்தது. எடுத்தது யார் என்று கண்டுபிடிப்பதைவிட, இனிமேல் யாருமே எடுக்க முடியாதபடி செய்வது எளிது என்று மேலிடத்தில் தீர்மானித்தார்கள். மலைக்கிராமத்து ஆட்கள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. பட்டைக்குள் நகத்தளவு சில்லு. நல மையத்து மேசையில் இருக்கும் ரீடர்மேல் கையை வைத்தால், வந்திருப்பவர் யார், என்ன ரத்தம், என்ன நோய் என்பதெல்லாம் திரையில் வரும்; மருந்து வைத்திருக்கும் இரும்பு அலமாரி தானாகத் திறக்கும். சில்லும் ரீடரும் காற்றுவழி பேசிக்கொள்வதை வேறொருவர் ஒட்டுக்கேட்கக் கூடாது, போலிப் பட்டை செய்து ஏமாற்றவும் கூடாது. அதற்காகச் சில்லுக்குள் ஒரு கணக்குப் பூட்டு வேண்டும். அதற்குத்தான் மறையீடு என்று பெயர். எந்தப் பூட்டு என்று தேர்ந்தெடுப்பது வாரியத்தின் வேலை.

அவன் மனைவி ராசம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏனுங்க, ஊட்டுச் சாவிய எங்க வெச்சம்னே உங்களுக்கு நெனப்பு இருக்காது. உங்களப் போயிப் பூட்டுப் பாக்கக் கூப்பிட்டிருக்கறாங்க" என்றாள். ஆனால் முதல் கூட்டத்துக்குப் போகிற அன்று அவனுடைய வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

கூட்டம் ஏற்காட்டில் ஏரிக்கு எதிரில் இருந்த ஓட்டலில் நடந்தது. மார்கழிக் குளிர். வாடகையில் ஏசியும் சேர்ந்திருந்ததால் அதையும் போட்டிருந்தார்கள். பதினொரு உறுப்பினர்கள் ஸ்வெட்டரோடும் மப்ளரோடும் உட்கார்ந்திருக்க, பன்னிரண்டாவதாக ஐயாக்கண்ணு வெள்ளைச் சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தான். நடுவில் தலைவர் ஜீவானந்தம். மூன்று துறைகளில் ஓய்வு பெற்றவர், மூன்றிலும் பிரிவுபசார விழா கண்டவர் என்று அறிமுகம் செய்தார்கள்.

சில்லுகளைச் சோதித்துப் பார்க்க ஒப்பந்தத்தில் எடுத்திருந்த பெண் புவனேஸ்வரி. சேலத்துக்காரி, முப்பது வயதிருக்கும். அவள் இரண்டு பட்டைகளை மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் பட்டைல பேட்டரி கிடையாதுங்க. ரீடர்ல இருந்து வர்ற அலைதான் இதுக்குச் சாப்பாடு. கை விலகினா சாப்பாடு நின்னுரும். அதுவரைக்கும் போட்ட கணக்கெல்லாம் மறந்துரும், மறுபடி முதல்ல இருந்து போடணும். அதனால சின்னக் கணக்கா, சீக்கிரம் முடியற கணக்கா, அதே சமயம் உடைக்க முடியாததா இருக்கணும். இந்த மாதிரி சில்லுக்குன்னே செஞ்ச இலகுரக மறையீடு இருக்குதுங்க. இது 'சிட்டு'."

முதல் பட்டையை ரீடருக்குக் காட்டினாள். கண் இமைப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் காட்டினாள். எரிந்தது. கையை ஆட்டிக்கொண்டே காட்டினாள். அப்போதும் எரிந்தது.

"இன்னொன்னு 'மாமலை'. பெரிய கம்ப்யூட்டர்ல எல்லாம் நல்லா ஓடும். இந்தச் சில்லுல பதினோரு செகண்டு ஆகுது, அதுவும் ஆடாம வெச்சாத்தான்."

ஐயாக்கண்ணுவுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. ஒரு கூட்டத்தில் நடந்தது அவனுக்கு முழுக்கப் புரிந்தது அதுதான் முதலும் கடைசியும். சிட்டு நல்லது, மாமலை வேண்டாம் என்று அவன் தீர்மானித்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, இந்தப் பெண் இலகுரகம் என்கிறார். யாருக்கு இலகுரகம்? மலையில் உழைத்து வாழும் எளிய மக்களுக்கு. நகரத்து வங்கிக்குக் கனமான பூட்டு, தலைச்சோலைத் தொழிலாளிக்கு இலேசான பூட்டா? நான் கேட்கிறேன், இதுதான் சமத்துவமா? அதோ உட்கார்ந்திருக்கிறாரே ஐயாக்கண்ணு, அவர் கையில் இலேசான எதையும் கட்டுவதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை சம்மதிக்க மாட்டேன்."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. தன் பெயரைச் சொல்லி ஒருவர் கூட்டத்தில் பேசுவது ஐயாக்கண்ணுவுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனும் தட்டினான்.

"ஐயா, இலகுரகம்னா பலவீனம்னு அர்த்தம் இல்லைங்க" என்றாள் புவனேஸ்வரி. "இதையும் இதுவரைக்கும் யாரும் உடைச்சதில்லை."

"உடைக்க முடியாது என்பது வேறு அம்மா. கனமாக இருப்பது வேறு. மக்கள் பார்ப்பது கனத்தைத்தான்" என்றார் தலைவர். பிறகு எல்லோரும் கை தூக்கினார்கள். ஐயாக்கண்ணுவும் தூக்கினான். மாமலை தேர்வாயிற்று.

அடுத்த இரண்டு கூட்டங்கள் எதிரியைப் பற்றியவை. எதிரி யார் என்று எழுதி வைக்காமல் பூட்டைப் பற்றிப் பேச முடியாதாம். புவனேஸ்வரி தன் அறிக்கையில், 'மருந்து திருட நினைப்பவர், அல்லது அடுத்தவர் நோயைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர். கையில் ஒரு சாதாரண ரீடர் வைத்திருக்கக்கூடும்' என்று இரண்டு வரியில் எழுதியிருந்தாள். வாரியத்துக்கு அது அவமானமாகப் பட்டது. இவ்வளவு பெரிய வாரியத்துக்கு இவ்வளவு சிறிய எதிரியா என்று ஒரு உறுப்பினர் வேதனைப்பட்டார். விவாதித்து விவாதித்து, உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, தலைச்சோலையில் ஒரு சில்வர் ஓக் மரத்தின்மேல் இருநூறு ஆண்டுகள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கும் அந்நிய சக்தி என்று முடிவானது.

அப்படிப்பட்ட ஆள் எவரும் கிடைக்காததால் பதவி உருவாக்கப்பட்டது. புள்ளியியல் துறையில் இருந்த ராஜேந்திரன் என்பவரை 'எதிரி (கூடுதல் பொறுப்பு)' என்று நியமித்தார்கள். அடிவாரத்தில் ஒரு அறையும், பெயர்ப்பலகையும், ஜீப்பும் கொடுத்தார்கள். அமைப்பைத் தாக்க முயன்று, முடியவில்லை என்று மாதம் ஒரு அறிக்கை அவர் தர வேண்டும். ராஜேந்திரன் சாதுவான மனிதர். கூட்டத்துக்கு வரும்போது எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

எதிரி இவ்வளவு பெரியவர் என்று ஆனபிறகு பூட்டு போதவில்லை. ஒரு உறுப்பினர் சாவியின் நீளத்தை இரட்டிப்பாக்கச் சொன்னார். அவரைவிட மூத்தவர் ஒருவர், மரியாதையை முன்னிட்டு, அதற்கும் இரட்டிப்பு என்றார். மாவட்டம், மாநிலம், மத்தி என்று மூன்று நிலைக்கும் தனித்தனியாக மூன்று முறை கணக்குப் போட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னதும், கூட்டாட்சி என்ற சொல் வந்துவிட்டதால் யாரும் மறுக்கவில்லை. பதினோரு வினாடியில் முடிந்த கணக்கு ஏழு நிமிடத்தில் வந்து நின்றது.

ஐயாக்கண்ணு அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"ஏனுங்க, ஏழு நிமிசம் கைய ஆட்டாம வெக்கோணுமுங்களா? எங்க பக்கம் மழைன்னா நொம்பக் குளுருமுங்க. ஒடம்பு சரியில்லாமத்தான் ஆஸ்பத்திரிக்கே வருவாங்க. கை நடுங்குமேங்க."

தலைவர் புன்னகைத்தார்.

"மிகச் சரியான கேள்வி. பயனாளிகள் தரப்பில் ஒரு குறைபாடு இருப்பதைப் பயனாளி உறுப்பினரே சுட்டிக்காட்டியிருக்கிறார். பதிவு செய்யுங்கள். மக்களுக்கு அசையாமைப் பயிற்சி தரப்படும். தலைச்சோலை வட்டாரப் பயிற்றுநர், ஐயாக்கண்ணு."

வெளியே வந்ததும் புவனேஸ்வரி அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணா, அவசரத்துக்கு நர்ஸ் கையில ஒரு தனிச் சாவி வேணும்னு எழுதிக் குடுத்தேனுங்க. அது திருடனுக்குப் பின்வாசல்னு சொல்லி அடிச்சிட்டாங்க. நீங்களாவது அடுத்த கூட்டத்துல கேளுங்க."

"நீங்க மொதல்ல சொன்னதே எனக்கு வெளங்கிருச்சுங்க அம்மிணி" என்றான் ஐயாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு. "எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கிட்டேன்."

அடுத்த கூட்டத்தில் அவன் கேட்டான். வாசல் இல்லாத வீட்டில்தான் திருடன் நுழைய முடியாது என்று தலைவர் விளக்கினார். எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

எல்லோர் மணிக்கட்டிலும் பட்டை கட்டினார்கள், நல மையத்தில் ரீடரும் அலமாரியும் வைத்தார்கள். பயிற்சி நடந்தது. தினமும் வேலைக்குப் போகுமுன், எஸ்டேட் களத்தில் வரிசையாக நின்று, ஒரு பலகைமேல் கையை வைத்து, ஏழு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். வாரியம் கொடுத்த விசிலும் கடிகாரமும் ஐயாக்கண்ணுவிடம் இருந்தன. கொசு கடித்தால் தட்டக் கூடாது. தும்மல் வந்தால் அடக்க வேண்டும். தேறியவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. இருபத்துமூன்று பேர் தேறினார்கள். ராசம்மாள் மூன்று முறை தோற்றாள். மூன்றாம் நிமிடம் வந்தால் அவள் விரல் தானாக ஆடும்.

"வாத்தியார் பொண்டாட்டியே பெயிலானா என்ன மருவாதி இருக்குது?" என்று அவன் கோபித்துக்கொண்டான்.

"ஏழு நிமிசம் சும்மா இருந்து நா எப்பங்க பழகினேன்?" என்றாள் அவள். "காபிக் கொட்டை பொறுக்கற கை. அது பாட்டுக்கு ஆடுது."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிவாக்கில் காபிச்செடி அடியில் களை எடுத்துக்கொண்டிருந்த ராசம்மாளைக் கணுக்காலில் நல்ல பாம்பு கடித்தது. பாம்பை அவளே பார்த்தாள். கூட இருந்த பெண்கள் ஓடிவந்து மேட்டுக்குத் தூக்கி வருவதற்குள் ஐயாக்கண்ணுவுக்குச் சேதி போய், அவன் வந்து சேர்ந்தான். எஸ்டேட் டிரைவர் பெரியசாமி ஜீப்பை எடுத்தார். சேலம் போக மலை இறங்க வேண்டும். மஞ்சக்குட்டை நல மையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. காலு மட்டும் எரியுது" என்றாள் ராசம்மாள். அவள் நடந்தேதான் உள்ளே வந்தாள்.

நர்ஸ் கலா பாம்பின் பெயரைக் கேட்டதும் அவளை ரீடர் பக்கத்தில் உட்காரவைத்தாள். அலமாரியின் கண்ணாடிச் சன்னல் வழியே மருந்துக் குப்பிகள் தெரிந்தன. பத்து குப்பிகள் இரண்டு வரிசையாக.

"கைய வெய்யுங்கக்கா. ஆட்டாம."

திரையில் பச்சைக் கோடு ஒன்று இடப்பக்கத்திலிருந்து ஊர ஆரம்பித்தது. ராசம்மாள் மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். உடம்பு வெடவெடத்தது. இரண்டு நிமிடத்தில் கோடு சிவப்பாகி அழிந்தது. 'தயவுசெய்து அசையாதீர்கள். பாதுகாப்பு உங்கள் உரிமை' என்று ஒரு பெண் குரல் சொன்னது.

கலா துண்டால் துவட்டி, கம்பளி போர்த்தினாள். மறுபடி வைத்தார்கள். நான்காம் நிமிடம் ராசம்மாள் வாந்தி எடுத்தாள். கோடு அழிந்தது.

"கலா, இது ராசம்மா. உனக்குத் தெரியாதா கண்ணு? போன மாசம் அவளுக்குப் பிரசர் பாத்தியே. நாந்தான் அவ புருசன் சொல்றேன்" என்றான் ஐயாக்கண்ணு.

"எனக்குத் தெரியுதுங்ணா. அதுக்குத் தெரியலியே" என்றாள் கலா. அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

ஐயாக்கண்ணு தலைவரின் கைபேசிக்கு அடித்தான். உறுப்பினர் என்பதால் அந்த எண் அவனிடம் இருந்தது. ஜீவானந்தம் உடனே எடுத்தார். பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"ஐயாக்கண்ணு, உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் வாரிய உறுப்பினர். உங்கள் மனைவிக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு ஊரார் என்ன பேசுவார்கள்? சலுகை என்பார்கள். உங்கள் நல்ல பெயருக்காகத்தான் சொல்கிறேன். தவிர, திறப்பதற்கு வழி எதுவும் கிடையாது. அப்படித்தானே நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அம்மாவை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள்தானே பயிற்றுநர்."

மூன்றாவது முறை ஐயாக்கண்ணு தானே அவள் கையைப் பிடித்தான். இரண்டு கையாலும் மணிக்கட்டை ரீடரோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். ராசம்மாளின் இமைகள் கனத்து இறங்கத் தொடங்கியிருந்தன. பேச்சு குழறியது. ஏதோ சொல்ல வந்தாள்.

"பேசாத புள்ள. ஆடிருச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து வெக்கோணும்."

கோடு பாதியைத் தாண்டியது. வாசலில் நின்ற பெரியசாமி, "ஐயாக்கண்ணு, சேலத்துக்கே போயிரலாம் வாப்பா. நா முடுக்கறேன்" என்றார்.

ஐயாக்கண்ணு திரையைப் பார்த்தான். எண்பத்தொன்று என்று இருந்தது. இந்த நேரத்தில் கையை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"இன்னும் ஒரு நிமிசந்தானுங்க" என்றான்.

தொண்ணூற்று மூன்றில் ராசம்மாளுக்கு மூச்சு வாங்கியது. தோள் குலுங்கி, கை நழுவியது. கோடு அழிந்தது. "சொன்னனே, ஆட்டாதன்னு சொன்னனே" என்று அவன் அவளைத் திட்டினான். கலா அவள் கையை எடுத்து மறுபடி ரீடர்மேல் வைத்தாள்.

நான்காவது முறை பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பெரியசாமி மறுபடியும் கூப்பிட்டார். ஐயாக்கண்ணு காதில் விழாதவனைப்போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு சீராக ஊர்ந்தது, எங்கேயும் தடங்கவில்லை. மாவட்டம் முடிந்தது, மாநிலம் முடிந்தது, மத்தி முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், ராசம்மாள். தாங்கள் நலமா?" என்றது குரல்.

அலமாரி திறந்துகொண்டது. கலா பாய்ந்து குப்பிகளை எடுத்தாள். ஊசி போட்டாள், நெஞ்சை அழுத்தினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரல் தன் கேள்விக்குப் பதில் வராததால் அதையே மூன்று முறை கேட்டுவிட்டு ஓய்ந்திருந்தது.

பதினாறாம் நாள் வாரியம் கூடியது. போகக் கூடாது என்றுதான் ஐயாக்கண்ணு நினைத்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதானே கை தூக்கினோம், அங்கேயே போய்த் தூக்கிய கையை இறக்கிவிட்டு வரலாம் என்று பிறகு தோன்றிற்று. புவனேஸ்வரியின் இடம் காலியாக இருந்தது. வாரியத்தின் முடிவுகளில் நம்பிக்கை காட்டாததால் அவள் ஒப்பந்தம் முடிக்கப்பட்டதாக முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் நிகழ்ச்சி நிரல்: 'முதல் முழுமையான சரிபார்ப்பு: பாராட்டுத் தீர்மானம்.'

தலைவர் எழுந்து, மறைந்த பயனாளிக்கு ஒரு நிமிடம் மௌனம் என்றார். நின்றார்கள். பிறகு பேசினார்.

"நம் அனைவருக்கும் துயரமான நாள். ஆனால் துயரத்திலும் ஒரு பெருமிதம். இத்தனை மாதங்களாக நம் ரீடரில் ஒருவர்கூட ஏழு நிமிடம் முழுமையாகத் தேறவில்லை என்று விமரிசித்தவர்கள் உண்டு. அந்த அம்மையார் தேறினார். கதவு திறந்தது. மருந்து கிடைத்தது. அமைப்பு தன் கடமையைச் செய்தது. அதைவிட முக்கியம், கடைசி நொடிவரை அவர் யார் என்பது எந்த எதிரிக்கும் தெரியவில்லை. நர்ஸ் சொன்னார், கணவரே பக்கத்தில் நின்று பெயர் சொன்னார். அதற்கெல்லாம் நம் ரீடர் மயங்கவில்லை. நாளைக்கு யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கணவன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கலாம் அல்லவா? அந்த நான்காவது சரிபார்ப்பின் பதிவைப் பார்த்தேன். ஒரு துளி அசைவு இல்லை. இனி அசையாமைக்கான அளவுகோலை 'ராசம்மாள் தரம்' என்று அழைக்க முன்மொழிகிறேன்."

எதிரியின் அறிக்கை கேட்கப்பட்டது. ராஜேந்திரன் எழுந்து, இந்த மாதமும் தாக்க முடியவில்லை என்று வாசித்து உட்கார்ந்தார். அதற்கும் தட்டினார்கள்.

தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் ஐயாக்கண்ணுவிடம் வந்தது. அவன் எழுந்து நின்றான்.

"என்ற பொண்டாட்டி கை நடுங்கினப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சுங்க" என்றான். "நடுங்குதுன்னுதான் கதவு தொறக்கலை. நானும் அவளத் திட்டினேனுங்க, ஆட்டாதன்னு. அத எங்கயாச்சும் எழுதிக்கோங்க."

காரியதரிசி எழுதிக்கொண்டார். தலைவர் வாங்கிப் பார்த்து, 'பயனாளி உறுப்பினர், அசையாமை குறித்து மனைவிக்கு உரிய நேரத்தில் அறிவுரை வழங்கியதை உறுதி செய்தார்' என்று திருத்திக் கொடுத்தார்.

ஐயாக்கண்ணு காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். படிக்கட்டில் அவன் பின்னாலேயே ராஜேந்திரன் இறங்கி வந்தார்.

"பத்து மாசமா எதிரியா இருக்கேனுங்க" என்றார். "ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலைங்க."

ஐயாக்கண்ணு தலையாட்டினான். அவர் சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் எஸ்டேட் கிடங்கிலிருந்து ஒரு கடப்பாறையை எடுத்துக்கொண்டு மஞ்சக்குட்டை பஸ் ஏறினான். நல மையத்தில் கலா ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தாய் அதன் கையை ரீடரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. கோடு சிவப்பாகி அழிந்தது.

"தள்ளிக்கோங்கம்மா" என்றான் ஐயாக்கண்ணு.

கலா கடப்பாறையைப் பார்த்தாள். "அலாரம் அடிக்குமுங்ணா" என்றாள். சொல்லிவிட்டு, அலமாரிக்கு முன்னால் கிடந்த நாற்காலியை அவளே இழுத்து ஓரமாகப் போட்டாள்.

உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து இருநூறு ஆண்டுகள் முயன்றாலும் திறக்க முடியாத அலமாரியின் கீல், நான்காவது நெம்பில் பெயர்ந்தது. அலாரம் அடித்தது. அவன் மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கலாவிடம் கொடுத்தான். குழந்தைக்கு வேண்டியதை முதலில் கொடுக்கச் சொன்னான். பாம்புக்கடி மருந்துக் குப்பிகள் புதிதாக வந்து வைத்திருந்தவை; அவற்றைக் கலா பக்கத்து அறையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டிக்கு ஒரு கொக்கி மட்டுமே உண்டு. கதவை மறுபடி மாட்ட முடியாதபடி இன்னும் இரண்டு இடத்தில் நெம்பிவிட்டு, ஐயாக்கண்ணு வெளியே படியில் போய் உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது. கைகள் இரண்டும் முழங்கைவரை நடுங்கின. அவன் அவற்றை நடுங்க விட்டான்.

போலீஸ் ஜீப் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏட்டு இறங்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நோட்டைப் பிரித்தார்.

"யாருய்யா பண்ணுனது?"

"நாந்தானுங்க."

"பேரு?"

"ஐயாக்கண்ணு."

எழுதிக்கொண்டார்.

"ஊரு?"

"தலைச்சோலைங்க."

எழுதிக்கொண்டார். சந்தேகமாக நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை எதன்மேலும் வைக்கச் சொல்லவில்லை. "ஏறு" என்றார்.

மொத்தமும் அரை நிமிடம் ஆகவில்லை.